தன் திரையையும் சேர்த்து

மூன்று ஏஐ கருவிகளைப் பார்த்து எதை வாங்கலாம் என்று சொல்லும் பொறுப்பு நிர்மலாவிடம் வந்தது ஒரு கிருத்திகை நாளில். மலைக்குப் போகிறவர்களின் அரோகராவும் ஆட்டோக்களின் ஹாரனும் ஜன்னல் வழியாக உள்ளே புகுந்ததால், வீடியோ அழைப்பில் ஸ்ரீதர் சொன்னதை அவள் மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

"டிசைன் வேலைக்கு இந்த மூணுல ஒண்ணை எடுத்துடலாம்னு இருக்கேன் நிர்மலா. எது சரியா வரும்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் முடிவு."

ஸ்ரீதர் அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் முதலாளி. சென்னையில் கிண்டிப் பக்கம் சின்ன அலுவலகம். அவர்கள் செய்வது ஒரே ஒரு செயலிதான், பெயர் 'வேளை'. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளைப் பிள்ளைகளோ மருந்துக்கடைக்காரரோ அதில் பதிந்துவிட்டால், எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை என்று நோயாளியின் போனில் அது காட்டும். அந்தத் திரை எப்படி இருக்க வேண்டும், எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது நிர்மலாவின் வேலை. கொரோனா காலத்தில், அப்போதிருந்த வேறொரு வேலையை வீட்டிலிருந்து பார்க்கத் திருத்தணிக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். மாடியில் அவளும் கணவன் குமரேசனும், கீழே அவள் அப்பா தணிகாசலம். மாடியின் முன்னறைதான் அலுவலகம்.

அந்த அறையில் எதிர் மேசையில் பிரேம்குமார் இருந்தான். நிர்மலா சொல்வதைத் திரையாக வரைந்து தருபவன். மணவூரிலிருந்து திருத்தணி மின்சார ரயிலில் தினமும் வருவான். படித்து முடித்துச் சும்மா இருந்தவனை அவள்தான் இந்த வேலைக்குக் கூட்டிவந்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். போன வருஷம் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி அம்மு இப்போது முழுகாமல் இருந்தாள்.

ஸ்ரீதர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஏற்கனவே குறித்து வைத்திருந்தார். எவ்வளவு வேகம், தமிழ் வருகிறதா, அது தருவதைப் புரோகிராமர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா, இப்படி. நிர்மலா கேட்டுவிட்டு, "மாத்திரை போடறவங்க பாக்க வேணாமா சார்?" என்றாள்.

"பாக்கட்டும். அங்கயே ஊர்ல நாலு பேரை வெச்சுப் பாத்துடுங்க."

"அப்போ ஒப்பிட்டுப் பாக்க நம்ம திரையையும் சேத்துக்கலாம். கருவிங்க போட்டது மூணு, இப்போ ஆப்ல இருக்கறது ஒண்ணு. யாரு செஞ்சதுன்னு யாருக்கும் சொல்ல வேணாம்."

இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. தானாகத்தான் சொன்னாள். சொன்னபோது அவள் குரலில் இருந்த நம்பிக்கை பிரேமுக்கும் தெரிந்தது.

'வேளை'யில் அப்போது இருந்த திரை அவள் உருவாக்கியது. நடுவில் ஒரு பெரிய வட்டம். அதில் காலைக்குப் பாதி எழுந்த சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை நிலா. ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தந்த வேளை மாத்திரையின் படம். அவள் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மாத்திரைக் கவர்களின் மேல் அவள் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து வைத்தாள். அவர் ஒருவேளை கூடத் தவறவிடவில்லை. அதிலிருந்து பிறந்தது அந்த வட்டம். நேர்முகத் தேர்வில் ஸ்ரீதருக்கு அதைக் காட்டித்தான் இந்த வேலையே அவளுக்குக் கிடைத்தது.

மறுநாள் இருவரும் கருவிகளை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றுக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்தார்கள். முதல் கருவி அழகாகத்தான் வரைந்தது, ஆனால் பொத்தானில் 'மாத்திரையை நுகரவும்' என்று எழுதியது. பிரேம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவது கருவி ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கொடுத்தது. ஒரு எழுத்தை மாற்றச் சொன்னால் மொத்தத் திரையையும் கலைத்துப் போட்டது. அதற்கும் சிரித்தான்.

இரண்டாவது கருவி, கீழேயிருந்து கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டது. வட்டம் கிட்டம் எதுவும் இல்லை. மேலே 'இப்போது போட வேண்டியது' என்று பெரிய எழுத்து. கீழே ஒரே ஒரு மாத்திரையின் படம், திரையில் பாதி அளவுக்கு. அதன் கீழ் 'சாப்பிட்ட பிறகு'. அப்புறம் 'போட்டுவிட்டேன்' என்று ஒரு பச்சைப் பொத்தான். அடியில் சின்ன எழுத்தில் இரண்டு வரிகள். புரோகிராமர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளும்படி புரோகிராமும் கூடவே வந்தது.

பிரேம் இப்போது சிரிக்கவில்லை. "நான் இத்த வரைய ஒரு வாரம் ஆவும்க்கா" என்றான்.

"வேகமா போட்டுட்டா ஆச்சா? ஜனங்க பாக்கட்டும்."

நான்கு திரைகளையும் ஒரு போனில் ஏற்றி அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது கருவி செய்தது ஆ. நிர்மலாவின் வட்டம் இ.

முதலில் ம.பொ.சி. சாலையில் தெரிந்த மருந்துக்கடை ஒன்றின் வாசலில் நின்று, வருகிறவர்களிடம் காட்டினார்கள். எல்லோரும் நான்கையும் பார்த்து "நல்லா கீதுங்க" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

"இப்டி கேட்டா யாருமே நல்லால்லன்னு சொல்ல மாட்டாங்கக்கா" என்றான் பிரேம். "நல்லா கீதான்னு கேக்க வேணாம். இப்போ மணி இன்னான்னு சொல்லி, எந்த மாத்திரை போடுவீங்கன்னு கேப்போம். அம்மையார்குப்பத்துல எங்க பெரிம்மா வூடு கீது. அங்க போனா நிதானமா உக்காந்து பாப்பாங்க."

அவன் பெரியம்மா பூவம்மாள் வீட்டில் இரண்டு விசைத்தறிகள் ஓடின. இவர்கள் பேசுவதற்காக அவள் ஒன்றை நிறுத்தினாள். பக்கத்து வீடுகளின் தறிச்சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டேதான் இருந்தது. அக்கம்பக்கத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை போடுகிறவர்களை அவளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். வந்தவர்களுக்கு மோரும் கொடுத்தாள்.

முதலில் உட்கார்ந்தது தாயம்மாள். அடுத்த வீட்டில் நூல் சுற்றுகிறவள். விரல் நுனியைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். பிரேம் அவள் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நிர்மலாவின் வட்டத்தைத் திறந்து கொடுத்தான்.

"இப்போ ராத்திரி துன்னு முடிச்சிட்டீங்க பெரிம்மா. இதுல எந்த மாத்திரை போடுவீங்க?"

தாயம்மாள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு முழுச் சூரியனுக்குள் இருந்த மஞ்சள் மாத்திரையைத் தொட்டாள்.

"நெலாவுல ஒண்ணு கீதே?"

"அது அமாவாசைக்குப் போடறது இல்லியா? பொறை போட்டுகீது." பிரேமின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சிரித்தாள். "தப்பா சொல்லிட்டனா? எனுக்குப் படிப்பு இல்ல தம்பி. எம் மேலதான் தப்பு, தப்பா எடுத்துக்காதீங்க."

சுவரோரம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நிர்மலாவின் கை நின்றது. அந்த அம்மாள் பிழையைத் தன் மேல் போட்டுக்கொண்டது அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்று மட்டும் சொன்னாள்.

தாயம்மாள் ஒருத்தி என்றால் விட்டிருக்கலாம். அடுத்து வந்தவர் வட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு பெண் மூன்று மாத்திரையையும் ஒரே நேரத்தில் போட வேண்டும், அதனால்தான் சேர்த்து வரைந்திருக்கிறது என்றாள். அவள் பத்தாவது வரை படித்தவள். வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது என்பது இத்தனை நாளில் நிர்மலாவுக்கு ஒருமுறை கூடத் தோன்றவில்லை.

ஆ திரையைக் கொடுத்தபோது யாரும் யோசிக்கவில்லை. "இதுல கேக்கறதுக்கு இன்னா கீது? இப்போ இதுன்னு அதுவே போட்டுகீதே" என்றாள் தாயம்மாள். மற்றவர்களும் பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். அ திரையும் ஈ திரையும் இரண்டுங்கெட்டானாக இருந்தன. நிர்மலா குறித்துக்கொண்டே வந்தாள். எழுதும்போது முகத்தை நிமிர்த்தவில்லை.

கடைசியாக வந்தவர் எல்லப்பன். சுகருக்குப் பல வருஷமாக மாத்திரை போடுகிறவர். எந்த எழுத்தைக் கண்டாலும் உரக்கப் படிக்கிற பழக்கம் அவருக்கு. ஆ திரையை மேலிருந்து கீழ்வரை படித்தார். அடியிலிருந்த சின்ன எழுத்தையும் விடாமல் படித்தார்.

"ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் சேர்த்துப் போட்டுக்கொள்ளவும்."

பிரேம் அவரைப் போக விட்டிருக்கலாம். பொத்தானை அவர் சரியாகத்தான் தொட்டிருந்தார். ஆனால் அவன், "அப்டின்னா நீங்க இன்னா பண்ணுவீங்க மாமா?" என்று கேட்டான்.

"காலையில மறந்துட்டன்னா ராத்திரிக்கு ரெண்டா போட்டுக்குவேன். அடிக்கடி மறந்துபூடுது எனுக்கு. இன்னா பண்றதுன்னு தெரியாம இருந்தேன், நல்ல வேளையா இதுல எழுதிகீறீங்க."

நிர்மலா எழுந்துவந்து போனை வாங்கிப் பார்த்தாள். வரி அங்கே இருந்தது. அந்தத் திரையை அவள் எத்தனையோ தடவை பார்த்திருந்தாள். எழுத்தின் அளவு பார்த்தாள், நிறம் பார்த்தாள், ஒற்றுப்பிழை கூடப் பார்த்தாள். என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. அப்படி ஒரு வரியை எழுதச் சொல்லி அவர்கள் கருவிக்குச் சொல்லவும் இல்லை. அடியில் இடம் காலியாக இருந்ததால் அதுவாக எழுதிக்கொண்டது.

"ஐயா, அது தப்புங்க. சுகர் மாத்திரைய அப்டி ரெண்டா போடக்கூடாது. சுகர் ஒரேயடியா எறங்கி மயக்கம் வந்துடும். மறந்துட்டீங்கன்னா டாக்டரைக் கேட்டுகினுதான் போடணும்."

எல்லப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ எதுக்கும்மா எழுதினீங்க?"

நாங்க எழுதல என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். யார் எழுதினால் என்ன, அவர் கையில் கொடுத்தது அவள். "எங்க தப்புதாங்க" என்றாள். அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியாமல் இன்னொரு முறையும் விளக்கினாள். பூவம்மாளிடமும் சொல்லிவிட்டு, எல்லப்பனின் மகன் எண்ணை வாங்கி அவனிடமும் போனில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அங்கிருந்து கிளம்ப அவளுக்கு மனம் வந்தது.

டவுன் பஸ்ஸில் ஆர்.கே.பேட்டை வந்து இறங்கி, திருத்தணி பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது ஒரு கடையில் டீ வாங்கினார்கள். பிரேமின் முகம் தெளிந்திருந்தது.

"தப்பிச்சோம்க்கா."

"இன்னாத்த தப்பிச்சோம்?"

"இந்த ஒரு வரி போதும். மருந்து விஷயத்துல உயிருக்கே ஆபத்தா எழுதுது, இத்த நம்ப முடியாதுன்னு எழுதிடுங்க. ஸ்ரீதர் சாரு பயந்துடுவாரு. மூணு கருவியும் வேணாம்னு முடிஞ்சிடும்."

"மத்தத?"

"எத்த?"

"தாயம்மா சொன்னது, அந்த வட்டத்த ஒருத்தருக்கும் புரியாதது."

பிரேம் டீயை ஊதினான். "அத்த யாரு கேட்டாங்க? நம்ம திரைய சேக்கச் சொல்லி அவரு சொல்லவே இல்லியே. நீங்களாதான சேத்தீங்க. நீங்களே எடுத்துடுங்க. அந்த வட்டத்த அப்புறம் நாமளே சத்தமில்லாம மாத்திக்கலாம், நான் வரைஞ்சு தரேன்."

அவள் டீக்குக் காசு கொடுக்கக் கடைக்காரரிடம் திரும்பினாள். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த வரி உண்மை, ஆபத்தும் உண்மை. மற்றதை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிரேமின் வேலை நிலைக்கும். அவளுடைய வட்டமும் கௌரவமாக ஓய்வு பெறும்.

"கொழந்த வரப்போற நேரம்க்கா" என்றான் பிரேம், அவளைப் பார்க்காமல்.

பஸ் வந்தது. ஏறி ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது தணிகாசலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் தெருவில் ஒரு பஸ் திரும்பினால் கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே ஓட்டுகிறவனைப் பற்றி ஏதாவது சொல்வார். நிர்மலா செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன். நீ ஆஸ்பத்திரிலருந்து வந்தப்போ மாத்திரை கவர் மேல நான் வரைஞ்சு வெச்சேன்ல, நெலா படம்? அத்த பாத்தா உனுக்கு இன்னா தோணுச்சு?"

"எந்த நெலா?"

"சூரியன், நெலா எல்லாம் வரைஞ்சேனே."

"ஆங், அதுவா." அவர் கொஞ்சம் யோசித்தார். "எனுக்கு எங்கம்மா தெரியும்? அப்போ கண்ணாடியே போட மாட்டேன். சாப்ட்டு முடிச்சா நீ மேலருந்து 'நைனா, மாத்திரை'ன்னு கொரல் குடுப்ப. தட்டுகிட்ட எடுத்து வேற வெச்சிருப்ப. எடுத்துப் போட்டுக்குவேன்."

"அப்போ அந்தப் படத்த நீ பாக்கவே இல்லியா?"

"நீ கஷ்டப்பட்டு உக்காந்து வரைஞ்சிகினு இருந்த. நல்லா கீதுன்னு சொன்னேன்ல?" மகளின் முகம் மாறியதைக் கவனித்து, "இன்னாம்மா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல நைனா."

அவளுக்கு அழுகை வருவது போலவும் சிரிப்பு வருவது போலவும் இருந்தது. சிரிப்புதான் வந்தது. எதற்கென்று புரியாமல் அவரும் கூடச் சிரித்தார். இத்தனை வருஷமும் அந்த வட்டம்தான் அப்பாவைக் காப்பாற்றியது என்று நம்பி, அதை ஆயிரக்கணக்கான போன்களில் ஏற்றியிருந்தாள். ஊர் பேர் தெரியாத வீடுகளில் எத்தனை தாயம்மாள்கள் இரவு மாத்திரையை அமாவாசைக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்களோ. அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் அறிக்கையை எழுதினாள். இரண்டாவது கருவியின் திரைதான் எல்லோருக்கும் புரிந்தது என்று முதல் வரியிலேயே எழுதினாள். தன்னுடைய வட்டம் நான்கில் கடைசி என்றும், அதை உடனே செயலியிலிருந்து எடுக்க வேண்டும் என்றும் எழுதினாள். அதே கருவி தானாகச் சேர்த்த வரியைப் பற்றியும், அது யாரைக் கொன்றிருக்கக்கூடும் என்பதையும், அதைத் தான் படித்தும் கவனிக்காமல் விட்டதையும் எழுதினாள். கருவியை வாங்கலாம், ஆனால் அது எழுதும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு மருத்துவர் படிக்காமல் வெளியே விடக்கூடாது என்று முடித்தாள். பிறகு இன்னொரு பக்கம் சேர்த்தாள். அந்த வரி எப்படிப் பிடிபட்டது, யார் கேட்ட கேள்வியால் பிடிபட்டது என்று அதில் இருந்தது.

அனுப்புவதற்கு முன் பிரேமைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினாள். அவன் முதல் பக்கத்தைப் படித்தான். அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

"இத்த அனுப்பினா எனுக்கு வேலை இல்லக்கா. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்டா."

"தெரிஞ்சும் அனுப்பறீங்க."

"அந்தம்மா தாம் மேல தப்புன்னு சொன்னாங்களே பிரேம். எனுக்குத் தூக்கமே வரல."

"எனுக்கும்தான் தூக்கம் வரல." அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். "உங்களுக்கு வேற எடத்துல வேலை கெடைக்கும். எனுக்கு நீங்கதான் கத்துக் குடுத்தீங்க, வேற யாரையும் எனுக்குத் தெரியாது."

படியிறங்கிப் போனவனை அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அறிக்கையை அனுப்பினாள்.

ஸ்ரீதர் நேரில் வரச் சொன்னார். அவள் கிண்டிக்குப் போனபோது அறிக்கையை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார்.

"உங்க திரையைப் பத்தி நீங்களே இப்படி எழுதுவீங்கன்னு நான் நினைக்கல" என்றார். "அதைத்தான் இத்தனை நாளா எல்லாருக்கும் காட்டிட்டிருந்தேன். எனக்கும் அது புடிக்கும்."

"எனக்கும் ரொம்பப் புடிக்கும் சார்."

ஸ்ரீதர் அறிக்கையைப் புரட்டினார். கருவியை வாங்குவது என்று முடிவாகிவிட்டது என்றார். மருத்துவர் ஒருவரையும் பேசி வைத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா வரையறதுக்கு இனிமே ரெண்டு பேர் தேவையில்ல நிர்மலா. பிரேம்கிட்ட நான் பேசட்டுமா, நீங்க பேசறீங்களா?" என்றார். அதைச் சொல்வது அவருக்கும் சுலபமாக இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"கடைசிப் பக்கத்தைப் படிச்சீங்களா சார்?"

"படிச்சேன்."

"அந்த வரியை நான் எத்தனையோ தடவை பாத்தேன். நீங்களும் பாத்தீங்க, உங்களுக்கும் அனுப்பியிருந்தேன். புரோகிராமர்ஸ் பாத்தாங்க. யாருமே நிக்கல. பிரேம்தான் அந்தப் பெரியவரை உக்கார வெச்சு, அப்படின்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டான். யாரும் சொல்லிக் குடுக்காம கேட்டான். கருவி வந்தா தினம் ஒரு திரை வரும். அதை எடுத்துட்டுப் போய் ஜனங்ககூட உக்காந்து கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். என்னால அது அவ்வளவு நல்லா வராது. நான் எழுதிட்டிருந்தேன், அவன் அவங்க முகத்தைப் பாத்துட்டிருந்தான்."

"அதுக்குன்னு ஒரு ஆளா? எனக்கும் மேல கேள்வி கேக்கறவங்க இருக்காங்க."

"அந்த ஐயா ரெண்டு மாத்திரை போட்டு மயங்கி விழுந்திருந்தா அப்பவும் கேப்பாங்க சார்."

ஸ்ரீதர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே சாலையில் மெட்ரோ தூண்களுக்கு நடுவில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தபோது, "இந்த வருஷம் முழுக்க வெச்சுக்கலாம். அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க முடியாது. அவருக்கு மட்டும் சொல்லல, உங்களுக்கும்தான். எனக்கே யாரும் குடுக்கல" என்றார்.

அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பிரேமுக்குப் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. திருத்தணி ரயிலில் ஏறியவள் மணவூரில் இறங்கிவிட்டாள்.

வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்துப் போனபோது அம்முதான் கதவைத் திறந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. "உள்ள வாங்கக்கா, அவரு தோட்டத்துல கீறாரு" என்று சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நிர்மலா உட்காரவில்லை. பின்பக்கம் போனாள். பிரேம் முருங்கை மரத்தடியில் கல்லின் மேல் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். வேலை தேடுகிற பக்கம் அது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. அவளைக் கண்டதும் எழுந்தான்.

"நீ கடைசிப் பக்கத்த படிக்கல" என்றாள்.

போனில் திறந்து கொடுத்தாள். அவன் நின்றபடியே படித்தான். படித்து முடித்த பிறகும் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஸ்ரீதர் சொன்னதை அவள் ஒளிக்காமல் சொன்னாள். வரைகிற வேலை இல்லை என்பதையும், ஒரு வருஷத்துக்கு மேல் உறுதி இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

"நான் வரையறதுக்குத்தான வந்தேன்க்கா. சின்ன வயசுலருந்து அது ஒண்ணுதான் எனுக்குத் தெரியும். இப்போ போனை எடுத்துகினு வூடு வூடா போன்னா..." என்று நிறுத்தினான். "யோசிச்சு சொல்றேன்."

"யோசி. வேணாம்னு தோணுச்சுன்னாலும் சொல்லு. வேற எங்கனா வரையற வேலைக்கு அப்ளிகேஷன் போட்டன்னா உன்னப் பத்தி நான் எழுதித் தரேன்."

அம்மு சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினாள். நிர்மலா ஒரு இட்லி மட்டும் தின்றுவிட்டு அடுத்த ரயிலுக்குக் கிளம்பினாள். பிரேம் ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தான். ரயில் வருகிறபோது, "பெரிம்மாகிட்ட நேத்து பேசினேன். எல்லப்பன் மாமா நல்லா கீறாராம்" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த திங்கட்கிழமை வழக்கமான ரயிலில் வந்து, மேசையில் பையை வைத்துவிட்டு, "எந்தத் திரைங்க கீது, குடுங்க" என்றான்.

அதன் பிறகு மாதங்கள் ஓடின. வட்டத்தைச் செயலியிலிருந்து எடுக்கிற வேலையை நிர்மலா யாரிடமும் விடாமல் தானே செய்தாள். புதிய திரை போன பிறகு, பாதிப் பேருக்கு மேல் இரவு மாத்திரைக்குத் தவறாமல் 'போட்டுவிட்டேன்' அழுத்துவதாகக் கணக்கு வந்தது; வட்டம் இருந்தபோது அவ்வளவு பேர் இல்லை. அதைப் பார்த்ததும் வட்டத்தால் தவறிப்போன இரவுகள்தான் அவள் நினைவுக்கு வந்தன. கருவி வேகமாகப் போட்டுத் தள்ளியது. பல நல்லவை, சில கோணல். ஒருமுறை பூட்டிய பெட்டியின் படத்தைப் போட்டு 'பாதுகாப்பாக உள்ளது' என்று காட்டியது. மாத்திரை தீர்ந்துவிட்டது, கடை பூட்டியிருக்கிறது என்று அர்த்தம் செய்துகொண்டாள் மணவூரில் ஒருத்தி. பிரேம் அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். வேறொரு முறை கருவி போட்டதைக் குறை சொல்லியே தீர வேண்டும் என்று போய், எல்லோருக்கும் அது சுலபமாகப் புரிந்துவிட்டதால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். அதையும் உள்ளபடி எழுதிக் கொடுத்தான்.

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெங்களூரில் ஒரு நிறுவனத்துக்கு வரைகிற வேலைக்கு எழுதிப் போட்டதையும், தேர்வாகவில்லை என்பதையும் அவனே வந்து சொன்னான். இன்னொன்றுக்கும் போடப்போவதாகச் சொன்னான். நிர்மலா அன்றே உட்கார்ந்து அவனைப் பற்றி எழுதிக் கொடுத்தாள்.

ஒரு நாள் காலை புதிய திரை ஒன்றை ஜனங்களிடம் காட்டிப் பார்க்க இருவரும் கன்னிகாபுரம் போவதற்காக பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். தனியாகப் போகிறவன் அன்று அவளையும் வரச் சொல்லியிருந்தான்.

"எனுக்கு இன்னும் கோவம் முழுசா போவலக்கா" என்றான் திடீரென்று.

"தெரியுது."

"நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லல. ஆனா மொத நாளே எங்கிட்ட உக்காந்து பேசிகினு எழுதியிருக்கலாம். எழுதி முடிச்சிட்டு காட்டினீங்க."

நிர்மலா அதை யோசித்துப் பார்த்தாள். டீக்கடையில் பேச்சை நிறுத்தியது அவள்தான். மறுநாள் தனியாக உட்கார்ந்து எழுதியதும் அவள்தான். அவன் ஒப்புக்கொள்ள மாட்டான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

"ஆங். பேசியிருக்கணும்" என்றாள். "இனிமே எதுன்னாலும் உங்கிட்ட பேசிட்டுதான் எழுதுவேன்."

அவன் தலையாட்டினான். பஸ் கூட்டமாக வந்தது. அவன் முதலில் ஏறி, உள்ளே இருந்த ஒரே காலி இடத்தில் பையைப் போட்டுப் பிடித்துவிட்டு, "அக்கா, இங்க வாங்க" என்று கூப்பிட்டான்.